தங்கச்சிமடத்துக்கு ஒரு பழைய கார்: மாடலுக்கு முன் அடிப்பாகம்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மண்டபத்தில் வேலை, தினமும் பாம்பன் பாலத்தைத் தாண்டிப் போய் வர வேண்டும். மாதம் இரண்டு தடவை அம்மாவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், அதனால் பின்சீட்டில் காலை நீட்டி உட்கார இடம் உள்ள வண்டியாக வேண்டும் என்கிறார். கையில் ஐந்து லட்சம். மூன்று வண்டி பார்த்து வைத்திருக்கிறார். ராமேஸ்வரத்தில் ஒரே ஓனர் கையில் இருக்கும் 2016 ஹோண்டா சிட்டி பெட்ரோல். மதுரையில் இரண்டாவது ஓனரிடம் உள்ள, சிட்டியைவிட அதிகம் ஓடிய 2017 மாருதி சியாஸ் பெட்ரோல். தூத்துக்குடியில் 2018 ஹூண்டாய் வெர்னா டீசல். மூன்றிலும் புதியது அதுதான், விலை குறைந்ததும் அதுதான். "மூன்றில் எது நல்ல வண்டி?" என்பது அவர் கேள்வி.

மாடலாகப் பார்த்தால் மூன்றும் நல்ல வண்டிதான். மூன்றுக்கும் சாமான் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். அதனால் சிட்டியா சியாஸா என்று வீடியோ பார்த்துக்கொண்டு நாளைக் கழிக்க வேண்டாம். நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். சேர்த்து வைத்த பணத்தைக் கொடுத்து வாங்கிய வண்டி, கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நின்று, அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும் அளவுக்குப் பல வருஷம் நம்பகமாக ஓடுமா என்பதே உங்கள் கவலை. அதற்கான பதில் பானெட்டுக்குக் கீழே பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி வண்டிக்கு அடியில் இருக்கிறது.

நான் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு மதுரையில் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தவன். பிறகு ராமநாதபுரத்துக்கு வந்து சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட்டேன். ஒரே மாடல், ஒரே வருஷத்து வண்டிகள் இரண்டு ஊரிலும் லிஃப்டில் ஏறிப் பார்த்திருக்கிறேன். மேலே பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அடியில் பார்த்தால் மதுரை வண்டியில் நட்டு ஸ்பானருக்குச் சுற்றி வரும். தீவு வண்டியில் அதே நட்டை கேஸ் வைத்து அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

காரணம் எளிது. இரும்பு துருப்பிடிக்க ஈரம் வேண்டும். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊரில் வண்டி நனைவது மழை நாளில் மட்டும், நம் பக்கம் அது தினமும் நனைகிறது. காற்றோடு வரும் உப்புத்துகள் தகட்டின்மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கும் வெகு முன்பே ஈரம் இழுக்கும். கடற்கரையில் ராத்திரி ஈரப்பதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கச்சான் காற்று காலத்தில் தென்கடல் பக்கமிருந்தும், வாடை காலத்தில் வடகடல் பக்கமிருந்தும் உப்பு வருகிறது. தீவில் இருப்பவருக்கு ஓய்வு கொடுக்கும் திசை என்று ஒன்று கிடையாது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், அதாவது சிக்ரி, இரும்பு எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதற்காக மண்டபத்தில் தனியாக ஒரு சோதனை நிலையமே வைத்திருந்தது. 2025-ல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் என்ற துருத்தடுப்புப் பூச்சும் போட்டதும் இதே காற்றை நினைத்துத்தான்.

ஆகவே என் முதல் கருத்து: வேறு எதுவும் தெரியாத நிலையில், ராமேஸ்வரத்தில் நின்ற ஒரே ஓனர் சிட்டியைவிட, மதுரையில் அதிகம் ஓடிய சியாஸை நான் எடுப்பேன். ஓடிய தேய்மானத்தைப் பணம் கொடுத்துச் சரிசெய்யலாம். கிளட்ச் பிளேட், ஷாக் அப்சர்பர், டயர் எல்லாம் மாற்றக்கூடிய சாமான்கள். தகடும் சேசிஸும் இற்றுப்போனால் அப்படி மாற்ற முடியாது. வெட்டி ஒட்டலாம், ஆனால் கம்பெனியில் போட்ட அடிப்பூச்சு அந்த வெல்டிங் இடத்தில் திரும்பி வராது. சிட்டியின் 1.5 லிட்டர் எஞ்சின் சியாஸின் 1.4 லிட்டர் எஞ்சினைவிடச் சுறுசுறுப்பானது, மறுக்கவில்லை. பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் நடுவே அந்தக் கூடுதல் சக்தியை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? அம்மா உட்காரும் பின்சீட்டில் சியாஸ் எந்த வகையிலும் குறைந்ததல்ல. வோக்ஸ்வேகன் வென்டோ போன்ற வண்டிகளில் தகட்டுக்குத் துத்தநாகப் பூச்சு உண்டு, துருவே பிடிக்காது என்று யாராவது சொல்லலாம். பாடிக்கு அது உண்மையிலேயே நல்லது. ஆனால் அடியில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்ம், பிரேக் பைப், சைலன்சர், நட்டு போல்ட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சாமான் விலையும் அதில் கூடுதல்.

மதுரை வண்டி என்பதற்காகப் பார்க்காமல் வாங்கிவிடக் கூடாது. அதற்கு முன்னால் எங்கே நின்றது என்று ஆர்.சி.யில் பாருங்கள். TN 65, அதாவது ராமநாதபுரம் பதிவு நம்பரோடு மதுரையில் விற்பனைக்கு நிற்கும் வண்டி, நம் கரையில் சில வருஷம் இருந்துவிட்டுப் போனதாக இருக்கலாம். எந்த ஊர் வண்டியாக இருந்தாலும் லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். லிஃப்ட் இல்லையென்றால் சர்வீஸ் குழியாவது வேண்டும். தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் பாதிகூடத் தெரியாது.

மேலே ஏற்றியதும் முதலில் ஜாக்கி வைக்கும் இடங்கள் நாலையும் பாருங்கள். கதவுக்குக் கீழே முன்டயருக்கும் பின்டயருக்கும் நடுவே நீளமாக ஓடுகிற ரன்னிங் போர்டு உள்ளே பொள்ளலாக இருக்கும். ஈரம் உள்ளே தங்கி, துரு உள்ளிருந்து வெளியே வரும். அதனால் பெயிண்ட் நன்றாக இருப்பதைப் பார்த்துத் திருப்தி அடையாமல் ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒரே சத்தம் தரும். இற்ற இடம் மந்தமாகக் கேட்கும், சில இடத்தில் உள்ளே பொடி உதிர்வதும் கேட்கும். அடுத்து, டயருக்கு மேலே மட்கார்டு உள்பக்கமாக மடியும் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். பிறகு முன்பக்கம் எஞ்சினுக்கு அடியில் குறுக்கே போகும் கிராஸ் மெம்பர், அதையும் சக்கரத்தையும் இணைக்கும் லோயர் ஆர்ம், பின்சக்கரங்களை இணைக்கும் ஆக்சில், ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று. பிறகு முன்னாலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப்பை அதன் நீளம் முழுக்கப் பார்க்க வேண்டும். கிளிப் பிடித்திருக்கும் இடத்தில்தான் அது முதலில் அரிக்கும். அது வெடித்தால் பிரேக் மிதி தரைவரை போய்விடும். சுற்றுலாப் பயணிகள் கடலைப் பார்க்கச் சட்டென்று வண்டியை ஓரங்கட்டும் பாம்பன் பாலத்தின்மேல் அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

துருவைக் கண்டதும் பயந்து ஓட வேண்டாம், எல்லாத் துருவும் ஒன்றல்ல. கனமான ஆர்ம், ஆக்சிலின்மேல் பழுப்பு நிறமாகப் படிந்து, கம்பி பிரஷ் போட்டால் கீழே கெட்டி இரும்பு தெரிந்தால் அது மேல்துரு. சுத்தம் செய்து பெயிண்ட் அடித்தால் போதும். அப்பளம் மாதிரிப் பொரிந்து அடுக்கடுக்காகக் கழன்று வந்தால், அந்த இடம் கனம் இழந்துவிட்டது. ஆர்மாக இருந்தால் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசலாம். சேசிஸிலோ, ரன்னிங் போர்டிலோ, ஷாக் அப்சர்பர் மேலே போய்ப் பொருந்தும் தகட்டிலோ அப்படி இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விற்கும் நேரத்தில் அடியில் புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். நல்ல எண்ணத்தில் அடித்திருக்கலாம், துருவை மறைக்கவும் அடித்திருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஓரத்தில் கொஞ்சம் சுரண்டிப் பார்க்க விடுவாரா என்று கேளுங்கள். நம் பகுதிக்கே உரிய இன்னொரு சங்கதி, டிக்கி. வீட்டு விசேஷத்துக்கு, சொந்தக்காரருக்கு என்று மீன் பெட்டியும் கருவாட்டு மூட்டையும் ஏற்றிய வண்டிகளில் ஐஸ் தண்ணீர் வடிந்து ஸ்டெப்னி இருக்கும் குழியில் தேங்கும். டிக்கி மேட்டைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்து, குழியின் அடியையும் சுற்றி இருக்கும் இணைப்பு ஓரங்களையும் பாருங்கள். வாசனைத் திரவம் அடித்து நாற்றத்தைப் போக்கிவிடலாம், அந்தக் குழியில் விழுந்த துருவைப் போக்க முடியாது. பட்டி போட்டு மறைத்த இடம் இருக்கிறதா என்று பார்க்க, சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் கீழ் ஓரத்திலும் மட்கார்டிலும் வைத்துப் பாருங்கள். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் காந்தம் நிற்காது. பம்பர் பிளாஸ்டிக், அங்கே நிற்கவில்லை என்று சண்டை போடாதீர்கள்.

இப்போது தூத்துக்குடி வெர்னா. புதிய வண்டி விலை குறைவாக இருக்கிறது என்றால் முதலில் எனக்கு நினைவு வருவது 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் நின்ற இடத்திலேயே மூழ்கிய கார்கள் ஏராளம். இந்த வண்டி அதில் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஓனருக்கு அவசரப் பணத்தேவை இருக்கலாம். ஆனால் இல்லை என்று நிரூபிக்கும்வரை ஆம் என்று வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுங்கள், அடியோரத்தில் சேற்றுக்கோடு இருக்கிறதா பாருங்கள். சீட் கவர் மாற்றுகிறவர்கள் பெல்ட்டை மாற்றுவதில்லை. முன்சீட்டுக்கு அடியில் ஓடும் தண்டவாளத்தின் போல்ட், பெடலுக்கு மேலே கைவிட்டால் படும் இரும்பு, ஃபியூஸ் பெட்டியின் உள் மூலை, கார்ப்பெட்டுக்குக் கீழே இருக்கும் பஞ்சு, இதெல்லாம் பார்க்கும் இடங்கள்.

அதோடு பழைய இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கிளைம் செய்யாத ஓனருக்கு வருஷாவருஷம் நோ கிளைம் போனஸ் என்ற பிரீமியம் தள்ளுபடி ஏறும், கிளைம் செய்தால் அடுத்த பாலிசியில் பூஜ்யமாகும். 2018 வண்டி, ஒரே ஓனர், 2024 பாலிசியில் போனஸ் பூஜ்யம் என்றால் அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்று அவர் சொல்லியாக வேண்டும். ஓனர் மாறியிருந்தாலும், பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தாலும்கூட போனஸ் பூஜ்யமாகும் என்பதால், இதை மட்டும் வைத்துக் குற்றம் சாட்டிவிடவும் கூடாது. வெள்ளத்தில் மூழ்கியது உறுதியானால் விட்டுவிடுங்கள். எஞ்சினைச் சரிசெய்துவிடலாம், வயரிங்கில் புகுந்த தண்ணீர் எந்த மாதம் எந்த இடத்தில் வேலையைக் காட்டும் என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளம் இல்லை என்றாலும் உங்கள் ஓட்டத்துக்கு டீசல் தேவை என்று நான் நினைக்கவில்லை. இன்ஜெக்டர், டர்போ என்று செலவு வந்தால் மைலேஜில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே பில்லில் போய்விடும்.

எஞ்சின் சோதனையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். காலையில் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போதே சூடாக இருந்தால் மறுநாள் போங்கள். வெள்ளைப் புகை, நீலப் புகை, ஆயில் மூடியைத் திறந்தால் அடிக்கும் காற்று, கூலன்ட் நிறம் இவற்றை உங்களோடு வரும் மெக்கானிக் பார்த்துக்கொள்வார். ஏ.சி.யை மட்டும் நீங்களே பாருங்கள். உச்சி வெயிலில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கால்மணி நேரம் போட்டு வையுங்கள். கடற்கரை வண்டியில் முன் கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் கண்டென்சரின் அலுமினியத் தகடுகள் வெள்ளையாகப் பூத்து, தொட்டால் உதிரும். அப்படி இருந்தால் கண்டென்சர் செலவு காத்திருக்கிறது என்று அர்த்தம். டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். நம் பக்கத்துச் சீமைக்கருவேல முள் டயரின் பக்கச்சுவரில் கீறிய தழும்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏர்பேக் பற்றி ஒரு வார்த்தை. சாவியை ஆன் பண்ணியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில வினாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கைப் பிடுங்கி வைத்திருக்கலாம், ஏர்பேக் வெடித்த பழைய விபத்தை மறைக்க அப்படிச் செய்வார்கள். இந்தியாவில் ஓட்டுநர் ஏர்பேக் எல்லா காருக்கும் கட்டாயமானது 2019-ல்தான். அதனால் 2016, 2017 வண்டிகளில் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாமல் அந்த வேரியன்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது விலை மலிவு என்று 2013-லோ அதற்கு முன்போ வந்த சிட்டியைக் காட்டினால், டகாட்டா என்ற ஜப்பான் கம்பெனி செய்த ஏர்பேக் அதில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அதில் இருந்த அம்மோனியம் நைட்ரேட் மருந்து வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் பல வருஷம் இருந்தால் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளை முகத்தில் எறியும். நம் ஊர்க் காற்று அதற்கு மிக மோசமான காற்று. சேசிஸ் நம்பரைக் கொடுத்தால் மாற்றியாயிற்றா என்று ஹோண்டாவிலேயே சொல்வார்கள், இலவசமாக மாற்றியும் தருவார்கள்.

இவ்வளவு பார்த்த பிறகும் உறுதியாகச் சொல்ல முடியாத சில உண்டு. ரன்னிங் போர்டின் உள்பக்கத்தைக் குழாய் கேமரா விடாமல் யாராலும் பார்க்க முடியாது. தட்டிப் பார்ப்பது ஒரு அனுமானம்தான். மீட்டரைத் திருப்பியிருந்தால், சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைக் கொடுத்துப் பழைய பதிவைப் பார்க்கலாம். வெளியில் சர்வீஸ் செய்த வருஷங்கள் அதில் வராது, அப்போது பெடல் ரப்பர் தேய்மானமும் ஸ்டியரிங் வழவழப்பும்தான் சாட்சி. இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்று எந்த மெக்கானிக்காவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். நான் சொல்வது சாதாரண கியர் வண்டிக்குத்தான். ஆட்டோமேட்டிக் என்றால் அந்த கியர்பாக்ஸ் வேலையே செய்கிறவரிடம் தனியாகக் காட்டுங்கள்.

பேப்பர் வேலையில் சோம்பல் வேண்டாம். மத்திய அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டு ஓனர் பெயர், இன்ஷூரன்ஸ் விவரத்தையும், வண்டி கடனில் இருக்கிறதா என்பதையும், தனியாக அபராத பாக்கியையும் பாருங்கள். பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30. கடன் இருந்து அடைத்திருந்தால் ஃபார்ம் 35-ம் பேங்க் தடையில்லாச் சான்றும் வேண்டும். மதுரையிலிருந்து வரும் வண்டிக்குக் கூடுதலாக என்ன வேண்டும் என்று ராமநாதபுரம் ஆர்.டி.ஓ ஆபீஸில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஆர்.சி. மாறினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் வண்டி சேதத்துக்குப் பணம் கேட்கும்போது மறுத்துவிடுவார்கள். விற்றவரின் நோ கிளைம் போனஸ் அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. புதுச்சேரிப் பதிவு வண்டி மலிவாக வந்தால், தமிழ்நாட்டு ஆயுள் வரியைச் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு மலிவா என்று பாருங்கள்.

ஐந்து லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். எழுபதாயிரம் கையில் இருக்கட்டும். எல்லா ஆயிலும், பிரேக் ஆயில் உட்பட, மாற்ற வேண்டும். பேட்டரி, டயர், இன்ஷூரன்ஸ் வரும். முதல் வாரத்திலேயே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பொள்ளல் பகுதிகளுக்குள் மெழுகு வகைக் கோட்டிங் அடித்துவிடுங்கள். துருவின்மேல் நேராகத் தார் வகைக் கோட்டிங் அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்த கதைதான். பேட்டரியில் மாட்டினால் துருப்பிடிக்காது என்று விற்கும் எலக்ட்ரானிக் பெட்டிக்குக் காசு கொடுக்காதீர்கள். தண்ணீருக்குள் நிற்கும் கப்பலுக்கு உதவுகிற முறை அது, காற்றில் நிற்கும் காருக்கு அல்ல.

உப்பு போர் தண்ணீரில் வண்டி கழுவுவது நம் பக்கம் எல்லோரும் செய்வது, வண்டியைச் சீக்கிரம் கெடுப்பதும் அதுவே. குடிக்கும் தண்ணீரையே குடம் விலை கொடுத்து வாங்கும் ஊரில் காருக்கு நல்ல தண்ணீரா என்ற கேள்வி எனக்கும் புரிகிறது. ஒரு வாளி நல்ல தண்ணீர் போதும்: மேலே ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மீதியை மட்கார்டின் உள்ளேயும் கதவின் கீழ் ஓரத்திலும் ஊற்றுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடியும் சின்ன ஓட்டைகள் மணலில் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்யும்போது வண்டியை வெளியே நிறுத்துங்கள். கூரைக்குக் கீழே, பக்கம் திறந்த ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு உப்பு வந்து சேரும், கழுவும் மழை வந்து சேராது.

சியாஸைப் பார்க்க மதுரைக்குப் போகும்போது விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், கூலி எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். லிஃப்டில் ஏற்ற ஓனர் சம்மதிக்கவில்லை என்றால் அட்வான்ஸ் கொடுக்காமல் ஊர் திரும்புங்கள். சம்மதித்தால், ஜாக்கி வைக்கும் நாலு இடம், பின் பிரேக் பைப், ஸ்டெப்னி குழி மூன்றையும் வெளிச்சம் போட்டுப் படம் எடுத்து இங்கே போடுங்கள் தம்பி, பார்த்துச் சொல்கிறேன்.